பிள்ளைகளுக்கென்று ஒரு பாத்தி

கேள்வி: "எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி. மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறோம். பெரியவன் ஐந்தாம் வகுப்பு, சின்னவள் இரண்டாம் வகுப்பு. லீவு விட்டால் இரண்டு பேரும் செல்போனே கதி என்று கிடக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. அதில் பிள்ளைகளைக் காய்கறி போட வைக்கலாமா என்று கேட்டால், 'மண்ணுல உழல்றது நம்மோட போகட்டும், அதுங்க படிக்கட்டும்' என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது? போட்டால் எதை முதலில் போடுவது?"
– வாசகி, குன்னம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: வீட்டுக்காரர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. மழையை நம்பி மக்காச்சோளம் போட்டு, 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து அதற்கும் மருந்துக்குச் செலவழித்து, விலைக்காகக் காத்துக் கிடக்கும் தகப்பன், பிள்ளையாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்றுதான் நினைப்பார். ஆனால் பிள்ளைகளுக்குப் பாத்தி போட்டுக் கொடுப்பதும் அவர்களை விவசாயத்துக்கு இழுத்துவிடுவதும் ஒன்றல்ல. பள்ளி விட்டு வந்து அரை மணி நேரம் செடியோடு இருக்கும் பிள்ளை, படிப்பில் பின்தங்கிப் போகாது. விதை எண்ணுவது கணக்கு. முளைப்பதைப் பார்ப்பது அறிவியல். தேதி போட்டு எழுதி வைப்பது மொழிப்பாடம்.

'கிண்டர்கார்டன்' என்று பள்ளிகளின் பலகையில் பார்க்கிறோமே, அந்த ஜெர்மன் சொல்லுக்குப் பொருளே 'குழந்தைகளின் தோட்டம்'. 1840-ல் அந்தப் பெயரை வைத்த ஃப்ரோபெல் என்ற ஆசிரியர், ஒவ்வொரு குழந்தைக்கும் சிறு பாத்தி ஒன்று சொந்தமாக இருக்க வேண்டும் என்றார். காசு கட்டிச் சேர்க்கும் எல்.கே.ஜி-யின் மூலமே ஒரு தோட்டப் பாத்திதான் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரம்பலூரில் நாலு ஏக்கர் வைத்திருக்கும் வீட்டில்கூட, கீரைக்கட்டு சைக்கிளில் வந்தால்தான் குழம்பு. நிலம் முழுக்க மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கும். வீட்டுக்குப் பச்சையாக ஒரு கொத்துக்கூட அதிலிருந்து வராது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கீரை மட்டுமே இதைத் தீர்த்துவிடாது. ஆனால் தட்டில் வைத்த கீரையை ஒதுக்கும் பிள்ளை, தான் விதைத்துத் தண்ணீர் ஊற்றிய கீரையை ஒதுக்குவதில்லை. தோட்டம் வைத்த வீடுகளில் கண்ணால் பார்க்கிற விஷயம் இது.

எவ்வளவு இடம்?

10 அடி நீளம், 3 அடி அகலம் போதும். அகலம் 3 அடிக்கு மேல் போகக்கூடாது. பிள்ளையின் கை ஒரு பக்கத்திலிருந்து ஒன்றரை அடிதான் எட்டும். அதற்கு மேல் போனால் பாத்திக்குள் காலை வைத்து மண்ணை மிதித்து இறுக்கிவிடும். தினமும் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடமாகவும், பருத்தி, மக்காச்சோளக் காட்டுக்குக் காற்று வாட்டத்தில் இல்லாத இடமாகவும் பார்க்க வேண்டும். காட்டில் அடிக்கும் மருந்து காற்றில் வந்து கீரையில் படியக்கூடாது.

தண்ணீர் கணக்கு பலரையும் பயமுறுத்துகிறது. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், இந்தப் பாத்திக்குச் சுமார் 14 லிட்டர் ஆகும். ஒரு குடம். அரிசி, காய் கழுவிய தண்ணீரே பாதியை ஈடுகட்டும். சோப்பு கலந்த தண்ணீர் வேண்டாம்.

மண் எப்படி?

குன்னம், வேப்பந்தட்டை பக்கம் கரிசல். மழையில் ஒட்டும், வெயிலில் வெடிக்கும். அங்கே மேட்டுப்பாத்திதான் சரி. தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்தி, நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்று நான்கு சட்டி கலந்தால் மண் பொலபொலப்பாகும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது. அங்கே பாத்தியைத் தரைமட்டத்திலேயே வைத்து, தொழுவுரத்தைக் கூட்டி, செடியின் அடியில் காய்ந்த தழையால் மூடாக்குப் போட வேண்டும்.

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்பு மண். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. பிள்ளைகள் கொத்தும்போது கிளிஞ்சல் பதிந்த கல் கிடைத்தால் அது அந்தக் கடலின் மிச்சம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் கிடப்பதும் அந்தக் காலத்துச் சங்கதிதான். இந்தச் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் காரணம். பிள்ளைகளின் பாத்திக்கு மருந்துக் கடையைத் தேட வேண்டியதில்லை. மக்கிய உரத்தைத் தாராளமாகப் போட்டாலே பெருமளவு சரியாகும். லாரி போகும் சாலையோரமானால் கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசித்தான் சமைக்க வேண்டும்.

எதை முதலில் போடுவது?

பிள்ளைகளின் பொறுமை ஒரு வாரம். அதற்குள் ஏதாவது தெரிந்தாக வேண்டும். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் நாற்று விட்டு, பிடுங்கி நட்டு, காய்க்க மாதக்கணக்கில் ஆகும். முதல் தடவைக்கு அவை வேண்டாம். கொத்தமல்லியும் முளைக்கவே பத்து நாள் பிடிக்கும். பாத்தியை நான்காகப் பிரித்து, கீழ்க்கண்டவற்றைப் போடலாம்.

முதல் பகுதி, சின்ன வெங்காயம். செட்டிகுளம் பக்கம் விளையும் வெங்காயம் இல்லாத வீடு பெரம்பலூரில் இல்லை. கால் கிலோ வெங்காயத்தில் நல்லதாகப் பொறுக்கி, 10 செ.மீ. இடைவெளியில், தலை வெளியே தெரியும்படி ஊன்றினால் சுமார் 60 வெங்காயம் கொள்ளும். ஒரு வாரத்துக்குள் பச்சைக் குருத்து எட்டிப்பார்க்கும். முப்பதாம் நாள் தாளைக் கிள்ளி முட்டைப் பொரியலில் போடலாம். 65, 70 நாளில் தாள் சாய்ந்ததும் பிடுங்கலாம். ஒன்றை ஊன்றி எத்தனை கிடைத்தது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பகுதி, கீரை. சிறுகீரை அல்லது தண்டுக்கீரை விதையில் இரண்டு சிட்டிகை எடுத்து, இரண்டு கைப்பிடி மணலோடு கலந்து தூவி, கையால் மெல்லக் கிளறிவிட வேண்டும். மணல் கலக்காவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். எறும்பு இழுக்காமல் இருக்க, பாத்திக்கு வெளியே கொஞ்சம் நொய்யரிசியைத் தூவி வைத்தால் அது அங்கே போய்விடும். மூன்று முதல் ஐந்து நாளில் முளைப்பு. 25 நாளில் சிறுகீரை பறிக்கலாம். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்தையும் ஓரமாகத் தூவலாம். அதுவும் அதே நாளில் கீரையாகிவிடும்.

மூன்றாம் பகுதி, முள்ளங்கி. பிள்ளைகளுக்கு இதைப்போல வேடிக்கை காட்டும் பயிர் வேறில்லை. மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே 45 நாள் காத்திருந்து பிடுங்குவது புதையல் எடுப்பது மாதிரி. வரிசைக்கு வரிசை ஒரு சாண், விதைக்கு விதை 10 செ.மீ. மண்ணைக் கிளறாமல் போட்டால் கிழங்கு இரண்டு கால் முளைத்து வரும். மண் இறுகினால் வேர் என்ன பாடுபடும் என்று அதைக் காட்டியே சொல்லித் தரலாம். நம் வெயிலுக்குப் பூசா சேட்கி ரகம் தாங்கும்.

நான்காம் பகுதி, வெண்டை. ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஒரு குழிக்கு இரண்டு விதையாக ஊன்றலாம். வரிசைக்கு ஒன்றரை அடி, செடிக்கு ஒரு அடி. ஆறு செடி வரும். 35, 40 நாளில் பூ, 45 நாளில் முதல் காய். அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். இந்த வேலையைச் சின்னவளிடம் ஒப்படைக்கலாம். தண்ணீர் குறைவான வீடானால் வெண்டைக்குப் பதில் கொத்தவரை போடலாம். காய்ச்சலைத் தாங்கும் பயிர்.

வேலியோரம் ஒரு குழியில் மூன்று பரங்கி விதை. பாத்தியில் இடம் கேட்காது. காலையில் விரியும் பூவைக் காட்டி, காம்புக்கு மேல் பிஞ்சு வைத்திருப்பது பெண் பூ, இல்லாதது ஆண் பூ என்று சொல்லித் தரலாம். தேனீ வராத நாளில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிட்டால் பிஞ்சு நிற்கும். பத்தாம் வகுப்பில் படிக்கப்போகும் மகரந்தச் சேர்க்கையை இப்போதே கையால் செய்து பார்த்த மாதிரி இருக்கும்.

எப்போது?

பெரியவர்களுக்கு ஆடிப்பட்டம். பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்காட்டிதான் பட்டம். ஆவணி, புரட்டாசியில் போட்டால் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் கீரை கைக்கு வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் கீரை விதைத்தால் அழுகும். அடுத்த சுற்று மார்கழி கடைசியில். அரையாண்டு விடுமுறையில் விதைத்தால் ஆண்டுத் தேர்வுக்கு முன் அறுவடை முடியும். சித்திரை, வைகாசியில் பாத்திக்கு ஓய்வு. காய்ந்த மக்காச்சோளத் தட்டையால் மூடிவைத்தால் போதும்.

எதில் தோற்றுப்போவார்கள்?

முதல் எதிரி பூச்சி அல்ல, வீட்டுக் கோழி. முளைத்த அன்றே கிளறிப்போட்டுவிடும். அடுத்தது ஆடு, மயில். விதைக்கும் முன்பே நான்கு பக்கமும் கம்பு நட்டு, பழைய வலையோ முள்ளோ கட்டிவிட வேண்டும். பிள்ளை ஒரு வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்ததைக் கோழி தின்றால், அந்த ஏமாற்றத்தில் அடுத்த விதையைத் தொடவே தொடாது.

புழு வந்தால் கையால் பொறுக்கி எடுக்கப் பழக்கலாம். வெண்டையில் அசுவினி மொய்த்தால் உடனே எதையும் தெளிக்க வேண்டாம். பொறிவண்டு வருகிறதா என்று இரண்டு நாள் பார்க்கச் சொல்லலாம். அதன் புழு அசுவினியைத் தின்னும். எது பகை, எது உறவு என்று பிள்ளை தெரிந்துகொள்ளும். அதற்கும் மிஞ்சினால் சாம்பல் தூவலாம்.

செருப்புப் போட்டுத்தான் பாத்தியில் நிற்க வேண்டும். வெறுங்காலில் மண்ணில் நின்றால் கொக்கிப்புழு ஏறும். அதுவே ரத்தத்தை உறிஞ்சி ரத்தசோகையாக்கும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பச்சைச் சாணியைக் கீரைக்குப் போடக்கூடாது. பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு வேலியோரம் போகக்கூடாது.

பறித்த கீரையைப் பருப்போடு சமைத்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது.

இனி வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. சட்டப்படியே 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் வீட்டாருக்கு உதவலாம், அவ்வளவே. எனவே பாத்தி பிள்ளைகளுடையது. களை எடுக்கவில்லை என்று திட்டக்கூடாது, காய்த்ததை விற்றுக் காசாக்கவும் கூடாது. ஒரு செடி காய்ந்துபோனால் போகட்டும். "ஏன் காய்ஞ்சுச்சுன்னு நீயே பாரு" என்றால் போதும். பெரியவன் நாளைக்கு டாக்டராகட்டும், கணக்குப்பிள்ளையாகட்டும். முளைக்க வைக்கத் தெரிந்திருப்பது அவனுக்குக் குறைவில்லை.

கேள்வி: "ஹைபிரிட் மக்காச்சோள விதை அரைப் பை மிச்சம் இருக்கிறது. ரோஸ் கலரில் இருக்கும். பேரப்பிள்ளைகள் 'அப்பாயி, அதை எங்களுக்குக் கொடு, நாங்க போடுறோம்' என்கிறார்கள். கழுவிவிட்டுக் கொடுக்கலாமா?"
– வாசகி, வேப்பந்தட்டை வட்டம்.

பதில்: கூடவே கூடாது. அந்த ரோஸ் நிறம் அழகுக்காகப் பூசியது அல்ல. பூச்சிக்கொல்லியும் பூஞ்சாணக்கொல்லியும் பூசிய விதை என்பதற்கான எச்சரிக்கை. கழுவினால் போகாது. பேரப்பிள்ளைகள் கையால் தொடக்கூடாது. கோழிக்கும் போடக்கூடாது. அதே பையிலேயே கட்டி, கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, கையுறை போட்ட பெரியவர்கள் காட்டில் பயிர் விழுந்த இடத்தில் ஊன்றிவிடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து மருந்து டப்பா. காலி டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டுப் பிள்ளைகளுக்குப் பூவாளியாகக் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. 2017-ல் பருத்திக்கு மருந்தடித்த பெரம்பலூர் மாவட்ட விவசாயிகள் சிலர் உயிரிழந்ததை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய ஆளையே சாய்த்த விஷம், பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தையை என்ன செய்யும்? டப்பாவில் உள்ள சாய்சதுரத்தில் சிவப்பு இருந்தால் கொடிய விஷம். பச்சை இருந்தாலும் பிள்ளைகள் கைக்கு அது பண்டமல்ல. காலி டப்பாவை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவைக் குத்தி ஓட்டையாக்கிவிட வேண்டும். பூவாளிக்குக் குடிதண்ணீர் பாட்டில் இருக்கிறது. மூடியில் சூடான ஊசியால் பத்து ஓட்டை பெரியவர்கள் போட்டுக் கொடுத்தால் போதும்.

மீறி விஷம் வாயில் பட்டுவிட்டால், உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவை லேபிளோடு கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாக்டர் அதைப் பார்த்துத்தான் முறிவு கொடுப்பார்.

கேள்வி: "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தோட்டம் போட ஆசை. முன்பு ஒருமுறை போட்டது கோடை விடுமுறையில் காய்ந்துபோனது. விதைக்கு எங்கே போவது?"
– ஆசிரியர், ஆண்டிமடம் வட்டம், அரியலூர் மாவட்டம்.

பதில்: பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க மத்திய கல்வித்துறை 2019-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. விளைவதை மதிய உணவில் சேர்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1982 ஜூலை 1-ல் தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் நம் பள்ளிகளில் இருக்கின்றன. ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் பள்ளி வளாகத்தில் நின்றாலே இரண்டுக்கும் கை கொடுக்கும்.

கோடையில் காய்ந்ததற்குத் தோட்டத்தைக் குறை சொல்ல வேண்டாம். மே மாதம் ஆளில்லாத இடத்தில் கீரையும் வெண்டையும் நிற்காது. எனவே இரண்டு வகையாகப் பிரிக்கலாம். சுற்றுச்சுவரோரம் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி. முதல் ஆண்டு கோடையில் மட்டும் பக்கத்து வீட்டார் யாரையாவது வாரம் இரண்டு குடம் ஊற்றச் சொன்னால் போதும். கறிவேப்பிலையும் பப்பாளியும் அடுத்த கோடைக்கும் கொஞ்சம் தண்ணீர் கேட்கும். முருங்கை தானே பிழைத்துக்கொள்ளும். நடுவில் உள்ள பாத்திகளில் ஜூன் கடைசியில் ஒரு சுற்று, காலாண்டுத் தேர்வு முடிந்து ஒரு சுற்று, ஜனவரியில் ஒரு சுற்று. ஏப்ரலில் பாத்தியை மூடிவிட வேண்டும். கை கழுவும் குழாயின் தண்ணீரைச் சோப்பு கலக்காத பக்கமாகத் திருப்பிவிட்டால் தனியாகத் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை.

ஆண்டிமடம் முந்திரி ஊர். முந்திரிச் சருகு தாராளமாகக் கிடைக்கும். அதைக் குழியில் சாணக் கரைசலோடு போட்டு மக்கவைத்தால் அடுத்த பருவத்துக்கு உரம். சருகு முரடானது, மக்க நாளாகும். எனவே கோடை விடுமுறைக்கு முன்பே குழியை நிரப்பிவிடுவது நல்லது.

விதைக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் காய்கறி விதைத் தொகுப்பும் பழச்செடித் தொகுப்பும் உண்டு. இருப்பு எப்போது வருகிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி வேண்டுமானால் அரியலூர் மாவட்டத்துக்குச் சோழமாதேவியிலும், பெரம்பலூர் மாவட்டத்துக்கு வாலிகண்டபுரத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன.

பழைய விதை கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வகுப்பறையில் வைத்து, ஐந்தாம் நாள் எண்ணச் சொல்லலாம். எட்டு முளைத்தால் எண்பது சதவீதம், தாராளமாக விதைக்கலாம். ஐந்து முளைத்தால் இரட்டிப்பாகத் தூவ வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால் புது விதை வாங்கிவிடலாம். சதவீதக் கணக்கைக் கரும்பலகையில் போடுவதைவிட இந்த ஈரத்துணியில் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.